லேசர் பொறியை அணைத்து அணைத்து எரியவிடுவது: ஆய்வக மேசைக் குறிப்புகள்

லேசர் பொறியில், அதாவது குவித்த லேசர் ஒளியால் பிடித்துவைக்கும் சிறையில், அடைத்த மூலக்கூறுகள் நிலைத்து நிற்பதில்லை. வெற்றிடம் நன்றாக இருக்கும், வெப்பநிலை ஒரு மைக்ரோகெல்வினுக்கு (ஒரு கெல்வினில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கீழே இருக்கும், பொறியின் ஆழம், அதாவது அதிலிருந்து தப்பிக்கத் தேவையான ஆற்றல், அதைப்போல் பல மடங்கு இருக்கும். இருந்தும் கொஞ்ச நேரத்தில் பாதி காணாமல் போய்விடும். அதே பொறியில் அணுக்களையும் சேர்த்தால் இன்னும் சீக்கிரம் போகும். மோதலால்தான் போகின்றன என்பது அடர்த்தியை மாற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும். மோதிய பிறகு என்ன ஆகிறது என்பதில்தான் சிக்கல். பொறியைத் தாங்கும் லேசருக்கே அந்த இழப்பில் பங்கு உண்டா என்று பார்க்க, லேசரை நொடிக்கு ஆயிரம் முறை அணைத்து அணைத்து எரியவிட வேண்டும். அதற்கான அமைப்பைக் கட்டியதையும், ரூபிடியம் அணுக்களை வைத்து அதைச் சோதித்ததையும்தான் இங்கே எழுதுகிறேன். மூலக்கூறுகள் இந்தப் பொறிக்குள் இன்னும் வரவில்லை.

கொஞ்சம் பின்னணி. 2008-இல் அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள ஜிலா ஆய்வகத்தில் டெபோரா ஜின், ஜுன் யே குழுவினர் பொட்டாசியம்-ரூபிடியம் மூலக்கூறுகளை அடிநிலையில், அதாவது மிகக் குறைந்த ஆற்றல் நிலையில், சில நூறு நானோகெல்வினில் உருவாக்கினார்கள். அவற்றுக்கிடையே வேதிவினை நடப்பதை 2010-இல் காட்டினார்கள். இரண்டு மூலக்கூறுகள் மோதினால் ஆளுக்கொரு அணுவை மாற்றிக்கொண்டு, பொட்டாசியம் ஜோடி ஒன்றாகவும் ரூபிடியம் ஜோடி ஒன்றாகவும் பிரிந்துவிடும். அதில் மிஞ்சும் ஆற்றல் அவற்றைப் பொறிக்கு வெளியே தள்ளிவிடும். தனிப் பொட்டாசியம் அணு வந்து மோதினாலும் வினை நடக்கும். அந்த வினையின் வேக மாறிலியை நொடிக்கு 1.7×10⁻¹⁰ கன செ.மீ. என்று அளந்தார்கள். ஒரு கன செ.மீ.யில் 10¹¹ அணுக்கள் இருந்தால் மூலக்கூறின் ஆயுள் 60 மில்லிநொடிதான் என்று இதற்குப் பொருள்.

அதுவரை சரி. வினை நடக்க ஆற்றலே போதாத ஜோடிகளும் காணாமல் போனதுதான் வம்பு. ரூபிடியம்-சீசியம், சோடியம்-ரூபிடியம், சோடியம்-பொட்டாசியம் எல்லாம் அப்படித்தான். பொட்டாசியம்-ரூபிடியத்தோடு ரூபிடியம் அணு மோதுவதும் இந்த வகைதான். இவை மோதியவுடன் பிரியாமல் ஒட்டிக்கொண்டு சற்று நேரம் ஒன்றாகவே இருக்கும் என்று ஜான் போன் குழுவினர் 2012-13 வாக்கில் ஒரு கோட்பாட்டை வைத்தார்கள். இந்தத் துறையில் இதற்கு ஒட்டும் மோதல் என்றே பெயர். 2019-இல் கிறிஸ்டியானன், கார்மன் ஆகியோரும் உடன் உழைத்தவர்களும் இன்னொரு படி மேலே போனார்கள்: ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் பொறி லேசரின் போட்டான் (ஒளித்துகள்) ஒன்று அந்த ஒட்டிய ஜோடியை, அதாவது கூட்டை, தாக்கிவிடுகிறது, அதனால்தான் இழப்பு என்றார்கள். இங்கிலாந்தின் டர்ஹாமில் சைமன் கார்னிஷ் குழுவினர் 2020-இல் பொறி ஒளியை அணைத்து அணைத்து எரியவிட்டு, ரூபிடியம்-சீசியம் மூலக்கூறு இரண்டு சேர்ந்த கூட்டின் ஆயுள் இருட்டில் சுமார் 0.53 மில்லிநொடி என்று கண்டார்கள். கோட்பாட்டோடு ஓரளவு ஒத்துப்போன எண் அது.

அணுவும் மூலக்கூறும் மோதும் கதை அப்படி அமையவில்லை. ரூபிடியமும் பொட்டாசியம்-ரூபிடியமும் சேர்ந்த கூட்டை ஹார்வர்டில் காங்-குவென் நி குழுவினர் 2022-இல் நேரடியாகவே பிடித்துப் பார்த்தார்கள். அதன் ஆயுள் சுமார் 0.39 மில்லிநொடி. கோட்பாடு சொன்னதைவிட ஏறக்குறைய ஒரு லட்சம் மடங்கு அதிகம்! இதற்கிடையே 2021-இல் ஜெர்மனியின் மியூனிக்கிலும் ஹனோவரிலும் சோடியம்-பொட்டாசியம், ஹாங்காங்கில் சோடியம்-ரூபிடியம் மூலக்கூறுகளை வைத்து இதே சோதனையைச் செய்து பார்த்தார்கள். ஒளியை அணைத்தாலும் இழப்பு குறையவில்லை. ஓரிடத்தில் ஒளிதான் காரணம், இன்னோரிடத்தில் ஒளி இல்லாவிட்டாலும் அதே இழப்பு. இந்த நிலைமையில் ஒரு புதிய ஜோடியை அளக்கப் போகிறவர்கள் முதலில் தங்கள் பொறியின் மேல்தான் சந்தேகப்பட வேண்டும் என்பது என் கருத்து.

எவ்வளவு துல்லியம் வேண்டும்

நம் பொறியில் 1064 நானோமீட்டர் கற்றைகள் இரண்டு ஒன்றையொன்று குறுக்காக வெட்டுகின்றன. ஒவ்வொன்றின் குவிய ஆரமும் 100 மைக்ரோமீட்டர், சராசரித் திறன் 2 வாட். ரூபிடியம்-87-க்கு இதில் கிடைப்பது சுமார் 40 மைக்ரோகெல்வின் ஆழம். செங்குத்துத் திசையில் அணு நொடிக்கு 200 முறை ஆடும். பாதி நேரம் அணைத்துவைத்தால் சராசரி மாறாமலிருக்க, எரியும்போது 4 வாட் வேண்டும். அந்த 4 வாட்டில் ஆட்ட அதிர்வெண் 280 ஹெர்ட்ஸ் பக்கம் வரும்.

ஒளியை இப்படி அணைத்து அணைத்து எரியவிடுவதைத்தான் வெட்டுவது என்கிறேன். எவ்வளவு வேகமாக வெட்டலாம்? வேகமாக வெட்டினால் அணுவுக்குச் சராசரி மட்டும்தான் தெரியும், பொறி அமைதியாக இருக்கும். ஆனால் இருட்டு நேரம் குறுகிவிடும், கூடு பிரிவதற்குள் ஒளி திரும்ப வந்துவிடும். மெதுவாக வெட்டினால் இருட்டு நிறையக் கிடைக்கும், ஆனால் பொறி அணுக்களை வெளியே வீச ஆரம்பிக்கும். எந்த அதிர்வெண்ணில் வீசும் என்பதை ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிடலாம். எரியும் பாதியில் அணு சீரிசையாக ஆடுகிறது, இருட்டுப் பாதியில் நேர்கோட்டில் பறக்கிறது. இரண்டுக்கும் உரிய 2×2 அணிகளைப் பெருக்கி, மூலைவிட்ட உறுப்புகளின் கூட்டுத்தொகை −2-க்கும் +2-க்கும் இடையில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இருந்தால் அணு பொறிக்குள் நிற்கும். 1 கிலோஹெர்ட்ஸில் 0.6 வருகிறது, பயமில்லை. 500 ஹெர்ட்ஸில் −2-ஐத் தாண்டிவிடுகிறது. அயனிப் பொறியில் வேலை செய்தவர்களுக்கு இது பழகிய கணக்கு.

ஆகவே 1 கிலோஹெர்ட்ஸ், அரை மில்லிநொடி ஒளி, அரை மில்லிநொடி இருட்டு. கூட்டின் ஆயுளும் அரை மில்லிநொடி என்று வைத்துக்கொண்டால் இழப்பு எவ்வளவு குறையும்? ஒளியில் உருவான கூடு அழிந்துவிடும். இருட்டில் உருவானவற்றில் 37 சதவீதம்தான் ஒளி வருமுன் பிரிந்து தப்பிக்கும். இருட்டே பாதி நேரம்தான் என்பதால் மொத்தத்தில் 18 சதவீதம் குறையும். அவ்வளவுதான் நமக்குக் கிடைக்கும் சைகை (சிக்னல்).

இந்த 18 என்ற எண்ணை மேசைக்கு மேலே ஒட்டி வைத்தேன். பொறியில் அடர்த்தி வெப்பநிலையின் ஒன்றரை மடிக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். வெட்டுவதால் மேகம், அதாவது பொறியிலுள்ள அணுக்கூட்டம், 10 சதவீதம் சூடானாலே அடர்த்தி 13 சதவீதம் குறைந்துவிடும், மோதலும் அதே அளவு குறையும். ஒளியை அணைத்ததால் மூலக்கூறுகள் பிழைத்தன என்று கட்டுரை எழுதிவிடலாம், உண்மையில் மேகம் சூடேறி விரிந்திருக்கும்! அதனால்தான் ரூபிடியத்தில் முதலில் சோதனை. தனி ரூபிடியம் அணுக்களை எஃப்=1 என்ற மிகக் குறைந்த ஆற்றல் நிலையில், கன செ.மீ.க்கு 10¹³ அளவில் வைத்தால் மூவணு மோதல் இழப்பு நிமிடக் கணக்கில்தான் தெரியும். மற்றபடி வெற்றிடத்தில் மிஞ்சிய வாயு மட்டும்தான். வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் அணுக்களின் எண்ணிக்கையும் வெப்பநிலையும் ஒன்றாகவே இருக்க வேண்டும். வேறுபட்டால் குறை பொறியில் இருக்கிறது.

ஏஓஎம்

வெட்டுவதற்கு ஏஓஎம்தான், அதாவது ஒலி-ஒளி மாடுலேட்டர். டெல்லூரியம் டையாக்சைடு படிகத்துக்குள் 80 மெகாஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பினால் கற்றை கொஞ்சம் திசை மாறி வரும். ஒலியை நிறுத்தினால் அந்தத் திசையில் ஒளி வராது. மைக்ரோநொடியில் அணையும். திசை மாறிய கற்றை ஃபைபர் வழியாக வெற்றிட அறைக்குப் போகிறது.

கேட்க எளிதாக இருக்கிறதே தவிர, அந்த ஒலியை எழுப்பும் ஆர்எஃப் (ரேடியோ அதிர்வெண் மின்சாரம்) திறனில் ஒரு வாட்டுக்கு மேல் படிகம் விழுங்கிச் சூடாகிறது. தொடர்ந்து எரியும் நிலையிலிருந்து வெட்டும் நிலைக்குப் போனவுடன் அந்தச் சூடு மாறுகிறது, கற்றையின் திசை மெல்ல நகர்கிறது. ஃபைபர் இருப்பதால் அணுக்களின் பக்கத்தில் கற்றை நகராது, ஆனால் ஃபைபருக்குள் நுழையும் திறன் குறையும். திறனைக் கண்காணித்துத் திருத்தும் சர்வோ சுற்று அதை ஈடுகட்ட ஆர்எஃப்-ஐக் கூட்டும், படிகம் இன்னும் சூடேறும். நுழையாத ஒளி ஃபைபர் முனையில் விழும். 4 வாட்டில் முனை கருகினால் ஒரு வாரம் போச்சு.

இதற்கு நல்ல வைத்தியம் ஒன்று உண்டு. படிகத்துக்கு 92 மெகாஹெர்ட்ஸில் இரண்டாவது ஆர்எஃப் ஒன்றையும் கொடுப்பது. முதல் ஆர்எஃப் குறையும்போது இது கூடும், அது கூடும்போது இது குறையும். படிகத்துக்குள் போகும் மொத்தத் திறன் எப்போதும் ஒன்றே. இரண்டாவதால் விலகும் ஒளி 3 மில்லிரேடியன் தள்ளிப் போகிறது. ஒரு மீட்டர் தூரத்தில் 3 மில்லிமீட்டர். அங்கே ஒரு ஐரிஸை, அதாவது திறப்பின் அளவை மாற்றக்கூடிய துளையை, வைத்து அந்த ஒளியைத் தடுத்துவிட்டேன். ஏஓஎம் உறைமேல் ஒரு தெர்மிஸ்டரை (வெப்பநிலை உணரி) ஒட்டி, இரு நிலைகளிலும் உறையின் வெப்பநிலை ஒன்றாகும்வரை இரண்டாவது ஆர்எஃப்-இன் அளவைத் திருகினேன். அலுப்பான வேலைதான், ஆனால் அதற்குப் பிறகு ஃபைபர் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

இருட்டு எவ்வளவு இருட்டு

ஆர்எஃப் சுவிட்ச் ஒன்றுக்கு 40 டெசிபெல் தடுப்பு என்றால் நன்றாகத்தான் ஒலிக்கிறது. கணக்குப் போட்டால், பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஆர்எஃப் கசிந்தாலே 4 வாட் கற்றையில் ஒரு மில்லிவாட் அளவு ஒளி வந்துவிடும். 100 மைக்ரோமீட்டர் குவியத்தில் அது சதுர செ.மீ.க்கு சுமார் 6 வாட். எரியும்போது இருக்கும் 25 கிலோவாட்டோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் ஒட்டிய கூடு நூற்றுக்கணக்கான மைக்ரோநொடி காத்திருக்கிறது. அதற்கு ஒரு போட்டான் போதும். ஆகவே சுவிட்ச் இரண்டைத் தொடராக, ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் வைத்தேன்.

இருட்டை அளக்கப் போனபோது ஒரு வேடிக்கை. ஆஸிலோஸ்கோப்பில் ஒளி சட்டென்று விழாமல், ஒரு வால் போலப் பல மைக்ரோநொடி இழுத்துக்கொண்டே போனது. ஆர்எஃப்-ஐப் பார்த்தால் கத்தியால் வெட்டியது போல் நிற்கிறது. குற்றவாளி, ஒளியை அளந்த சிலிக்கான் ஃபோட்டோடயோடு. 1064 நானோமீட்டர் ஒளியைச் சிலிக்கான் அரைகுறையாகத்தான் உறிஞ்சும், அதுவும் ஆழத்தில். அங்கே பிறக்கும் மின்னேற்றங்கள் மெதுவாக ஊர்ந்து மேலே வருவதால்தான் அந்த வால். இண்டியம்-கேலியம்-ஆர்சனைடு டயோடை மாற்றியதும் வால் போய்விட்டது. 1064-இல் வேலை செய்கிறவர்கள் பழைய பெட்டியில் கிடக்கும் சிலிக்கான் டயோடை வேகமான அளவீட்டுக்கு எடுக்காமலிருப்பது நல்லது. சராசரித் திறனுக்கு அது தாராளமாகப் போதும்.

சர்வோ

ஒளியின் திறனைச் சீராக வைக்கும் சர்வோவில், பிழையைக் கூட்டிக்கொண்டே போகும் ஒரு இன்டக்ரேட்டர் இருக்கிறது. இருட்டு வந்ததும் ஃபோட்டோடயோடு பூஜ்யம் காட்டும். ஒளி போதவில்லை என்று நினைத்து இன்டக்ரேட்டர் அரை மில்லிநொடி முழுக்க ஏறிக்கொண்டே இருக்கும். ஒளி திரும்ப வரும்போது முதல் சில பத்து மைக்ரோநொடி திறன் துள்ளிவிடும். துள்ளல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே மாதிரி இருந்தாலாவது சராசரியில் சேர்த்துவிடலாம். அது அப்படி இருக்கவில்லை.

இன்டக்ரேட்டரின் உள்ளீட்டில் ஒரு அனலாக் சுவிட்சை வைத்து, இருட்டின்போது அதைத் திறந்துவிட்டேன். மின்தேக்கி கடைசி மதிப்பைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். பீங்கான் மின்தேக்கிக்குப் பதில் பாலிப்ரொப்பிலீன் போட்டேன், அது ஏற்றத்தை நழுவவிடாது, மேசையைத் தட்டினாலும் சலனப்படாது. சுவிட்ச் மூடும் நேரத்தை ஒளி வந்த பிறகு 5 மைக்ரோநொடி தள்ளி வைத்தால் எல்லாம் அடங்கிவிடுகிறது. ஆர்எஃப் போய் ஒலி அலை கற்றையை எட்டி, ஒளி வந்து டயோடு பதில் சொல்லும்வரை சர்வோ கண்ணை மூடிக்கொண்டிருக்க வேண்டும். இந்தத் தாமதத்தை யாரும் சுற்றுப்படத்தில் குறிப்பதில்லை.

அணுக்களை விட்டுப் பார்த்தது

இவ்வளவும் செய்தபின் ரூபிடியத்தை ஏற்றி, ஆவியாக்கிக் குளிர்வித்து (சூடான அணுக்களை மட்டும் வெளியேறவிட்டு), ஒரு மைக்ரோகெல்வின் அருகில் நிறுத்தி, ஒருமுறை தொடர் ஒளியிலும் அடுத்தமுறை வெட்டு ஒளியிலும் வைத்திருந்து பார்த்தோம். எண்ணிக்கை ஒத்துப்போனது. வெப்பநிலை ஒத்துப்போகவில்லை. வெட்டு ஒளியில் செங்குத்துத் திசை மட்டும் தெளிவாக அதிகம் காட்டியது. வைத்திருக்கும் நேரத்தை நீட்டினாலும் அந்த அதிகம் வளரவில்லை. அதுதான் துப்பு. நிஜமாகவே சூடேறும் பொறி என்றால் நேரத்தோடு ஏறிக்கொண்டே போக வேண்டும்.

இதில் இரண்டு விஷயங்கள் கலந்திருந்தன. முதலாவது சூடே இல்லை. வெட்டும் பொறியில் மேகம் ஒவ்வொரு சுற்றிலும் சுருங்கி விரிகிறது. எந்தக் கட்டத்தில் விடுவித்து வேகத்தை அளக்கிறோம் என்பதைப் பொறுத்து வெப்பநிலை மாறித் தெரியும். முன்னே சொன்ன அதே அணிக் கணக்கை நீட்டினால், இருட்டில் விடுவித்த மேகம், ஒளிநேரத்தின் நட்டநடுவில் விடுவித்ததைவிடச் செங்குத்தில் 25 சதவீதம் சூடாகத் தெரியும் என்று வருகிறது. விடுவிக்கும் கட்டத்தை நகர்த்தி நகர்த்தி அளந்தால் அந்த ஏற்ற இறக்கம் அழகாகத் தெரிகிறது. இந்தப் பதிவில் எனக்கு மிகவும் பிடித்த வரைபடம் அதுதான்.

இரண்டாவது நிஜமான சூடு. தொடர் ஒளியிலிருந்து வெட்டு ஒளிக்கு மாறும் தருணத்தில் முதல் துடிப்பு முழு நீளத்துக்கு வந்தால், மேகம் வெட்டும் பொறிக்குப் பொருந்தாத வடிவத்தோடு உள்ளே நுழைகிறது. அந்த ஒரு மாற்றத்திலேயே செங்குத்து ஆட்டத்தின் ஆற்றல் சுமார் 6 சதவீதம் கூடுகிறது. அளவீட்டுக்காகத் திரும்பத் தொடர் ஒளிக்கு வரும்போது இன்னொரு 6. முதல் துடிப்பைப் பாதி நீளமாக, கால் மில்லிநொடியாக வைத்தால், அதாவது ஒளிநேரத்தின் நடுவிலிருந்து தொடங்கினால், இது அரை சதவீதத்துக்கு இறங்குகிறது. கடைசித் துடிப்பும் அதே மாதிரி பாதி. புதிதாக எந்தக் கருவியும் வேண்டியதில்லை, நேர அட்டவணையில் இரண்டு வரி மாற்றம்தான். அதைச் செய்த அன்று இரண்டு வெப்பநிலைகளும் அளவீட்டின் பிழைக்குள் வந்துவிட்டன.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. இரு நிலைகளிலும் மேகம் மெல்ல மெல்லச் சூடேறிக்கொண்டிருந்தது. 1064 லேசரே இந்த ஆழத்தில் ஓர் அணுவுக்குச் சில நொடிக்கு ஒரு போட்டான் என்ற கணக்கில்தான் சிதறவைக்கும், அது போதாது. 780 நானோமீட்டர் பக்கம் சந்தேகம் போனது. ரூபிடியத்தின் ஒத்ததிர்வு ஒளி சதுர செ.மீ.க்கு ஒரு நானோவாட் கசிந்தாலே ஓர் அணு நொடிக்குப் பதினோரு போட்டான்களைச் சிதறவைக்கும். அது நொடிக்கு ஒரு மைக்ரோகெல்வினுக்கு மேல் சூடு. ஷட்டர்கள் எல்லாம் மூடித்தான் இருந்தன. ஒளி வந்தது ஷட்டருக்குச் சுற்றுப்பக்கமாக, மேசையின் மறுகோடியில் ஒரு கண்ணாடிக்குப் பின்னால் கசிந்து வெற்றிட அறையின் ஜன்னலில் பட்ட வழியில். கறுப்புப் பலகை வைத்து அடைத்தோம். இப்போது அறை விளக்கை அணைத்துவிட்டு அகச்சிவப்புக் கேமராவால் மேசை முழுக்க ஒரு சுற்று பார்ப்பது வாராந்திர வழக்கமாகிவிட்டது.

இப்போது எங்கே நிற்கிறது

700 ஹெர்ட்ஸிலிருந்து 3 கிலோஹெர்ட்ஸ் வரை வெட்டினாலும் ரூபிடியத்துக்கு வேறுபாடு தெரியவில்லை. இருட்டு நேரத்தை 0.17-லிருந்து 0.7 மில்லிநொடி வரை மாற்றிப் பார்க்கலாம் என்று இதற்குப் பொருள். கூட்டின் ஆயுள் டர்ஹாமிலோ ஹார்வர்டிலோ கண்ட அளவில் இருந்தால் இந்த வீச்சில் பிடிபடும். இருட்டைப் பாதியிலிருந்து முக்காலாகக் கூட்டினால் 1 கிலோஹெர்ட்ஸில் சைகை 18-லிருந்து 36 சதவீதமாகும். ஆனால் ஒவ்வொரு கற்றைக்கும் 8 வாட் வேண்டும், நம் ஃபைபருக்கு அது தாங்காது. புதிய ஃபைபருக்குச் சொல்லியிருக்கிறோம்.

ஆயுள் அதைவிட நீளமாக இருந்தால்தான் கஷ்டம். இன்னும் மெதுவாக வெட்ட வேண்டும், அதற்குப் பொறியின் அதிர்வெண்ணைக் குறைக்க வேண்டும், குறைத்தால் ஈர்ப்பு விசையே கீழே இழுத்துவிடும். ரூபிடியத்துக்கு இது பிரச்சினையே இல்லை, ஒரு செ.மீ.க்கு சுமார் 30 காஸ் காந்தப்புலச் சரிவு கொடுத்துத் தூக்கிப் பிடிக்கலாம். அடிநிலை மூலக்கூறில் எலக்ட்ரான்களின் சுழற்சி ஜோடி சேர்ந்து ரத்தாகிவிடுவதால் காந்தத்தின் பேச்சை அது கேட்பதில்லை, அதை ஒளியால் மட்டுமே தாங்க முடியும். கற்றையைத் தட்டையாக்கி, பக்கவாட்டில் அகலமாகவும் செங்குத்தில் இறுக்கமாகவும் வைத்தால் பக்கவாட்டு அதிர்வெண் குறையும், செங்குத்தில் குறையாது. வெட்டும் வேகத்துக்கு எல்லை போடுவது செங்குத்துதான் என்பதால் அதிலும் லாபமில்லை. இப்போதைக்குத் தெரியும் ஒரே வழி, மேலும் கீழும் இரண்டு தட்டைக் கற்றைகளை மாற்றி மாற்றி எரியவிட்டு நடுவில் இருட்டு விடுவது. அதற்கு மூன்றாவது ஏஓஎம் வேண்டும். அது அலமாரியில் இருக்கிறது, ஆனால் அதன் உறையில் தெர்மிஸ்டர் ஒட்ட இடமில்லை.